கார்விக்கிலிருந்து அறுபத்தெட்டு மைல்

கார்விக்கிலிருந்து ஹாலத்துக்கு எவ்வளவு தூரம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் மைல் கணக்கில் பதில் வராது. வெயில் காலத்தில் ஒன்றேகால் மணி நேரம், பனிக்காலத்தில் அவரவர் தலையெழுத்து என்பார்கள். சேஜ் ஆற்றின் மேல் பாலம் இருந்த காலத்தில் நாற்பத்தொரு மைல். ஒரு மார்ச் மாதம் ஆற்றில் உறைந்திருந்த பனி உடைந்து, வீட்டுக் கூரை அகலத்துக்குப் பாளம் பாளமாக வந்து, பாலத்தின் நடுத்தூணைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. அதிலிருந்து தெற்கே வாலஸ் பெக்கின் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். அறுபத்தெட்டு மைல். மொன்டானாவின் அந்தக் கிழக்கு மூலையில் சுற்றுவழியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பல் பிடுங்கிக்கொள்ளவே நூறு மைல் போகிறவர்கள். பாலம் போனது போனதுதான் என்று விட்டுவிட்டார்கள்.

லவோன் ஸ்டென்ருட் மட்டும் மைலைச் சொல்வாள். அவள் புருஷன் ஆர்லியை ஆம்புலன்ஸில் போட்டு அந்த வழியாகக் கொண்டுபோன நாளிலிருந்து.

அது ஏப்ரல், பசுக்கள் கன்று ஈனும் மாதம். ஸ்டென்ருட் பண்ணையில் இருநூற்றுப்பத்துத் தாய்ப்பசுக்கள். இரண்டு மாதமாகப் புருஷனும் பெண்டாட்டியும் பூட்ஸைக் கழற்றாமல் தூங்கியெழுந்த சமயம். காலையில் ஈரப்பனி பெய்திருந்தது. பட்டிக்குள் ஒரு சிவப்புப் பசு அப்போதுதான் ஈன்றிருந்தது. கன்று சேற்றில் எழமுடியாமல் துடிக்கிறதே என்று ஆர்லி குனிந்து தூக்கப் போனான். பசு பின்னாலிருந்து வந்து அவனைப் பட்டிச் சட்டத்தோடு வைத்து அழுத்திவிட்டது. வெளியில் ஒரு கீறல் இல்லை. உள்ளே என்னவோ கிழிந்திருந்தது. லவோன் தடியால் பசுவின் மூக்கில் அடித்து விரட்டி, அவனை வெளியே இழுத்துப் போட்டபோது அவன் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்துவிட்டது.

ஆம்புலன்ஸ் பதினோரு நிமிஷத்தில் வந்தது. ஓட்டிவந்தவன் தபாலாபீஸ்காரன் பட் ஹெக்லி. சம்பளமில்லாத ஊர்ச்சேவை. கடிதக்கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருந்தான். பண்ணையிலிருந்து நான்கு மைலில் கார்விக் ஆஸ்பத்திரி. அதன் வாசலைக் கடந்துதான் போனார்கள். அவசரப் பிரிவை ஜனவரி மாதக் கடைசியில் மூடியாகிவிட்டது. சிவப்பு விளக்கைக் கழற்றிய இடத்தில் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஹாலம் வரைக்கும் லவோன் வண்டியின் பின்பக்கத்தில் ஆர்லியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பட் ஒயர்லெஸ்ஸில் ஹாலத்துக்கு மைல் சொல்லிக்கொண்டே ஓட்டினான். இருபது தாண்டிட்டோம். முப்பது தாண்டிட்டோம். ஒவ்வொரு எண்ணும் அவள் காதில் ஆணி அடித்ததுபோல் இறங்கியது. ஹாலம் போய்ச் சேர்ந்தபோது டாக்டருக்கு வேலை இருக்கவில்லை.

சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் முன்வரிசை வலப்பக்கம் டெல்மர் ராஸ்க். ஆர்லிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன். விதையும் டிராக்டர் உதிரிப்பாகமும் விற்கிற கடைக்காரன். ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவுக்குத் தலைவன். மாதாகோயில் அடித்தளத்தில் சாவுச் சாப்பாடு. மாட்டிறைச்சி வைத்த ரொட்டியும் உருளைக்கிழங்கு சாலடும் பரிமாறினார்கள். டெல்மர் தட்டைத் தொடாமல் அழுதான். லவோனே அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

‘மேலிடத்து உத்தரவு லவோன். எங்க கையில ஒண்ணுமில்ல. மூடுன்னான், மூடினோம்’ என்றான்.

அவள் நம்பினாள். நம்பியதால்தான் மேலிடத்துக்கே ஒரு கடிதம் எழுதினாள். ஏன் மூடினீர்கள் என்று இரண்டு பக்கத்துக்குக் கேட்டாள். ஐந்து வாரம் கழித்துத் தலைநகரிலிருந்து உறை வந்தது. பட் அதைப் பெட்டியில் போடாமல் கையிலேயே கொடுத்தான். உள்ளே ஒரு நகல். ஆஸ்பத்திரியைக் கட்டிய பெரியவர்கள் எழுதிவைத்த விதி ஒன்று: அடுத்த அவசரப் பிரிவு ஐம்பது மைலுக்குள் இருந்தால் தவிர இங்கே மூடக்கூடாது. அதற்குக் கீழே மூடுவதற்கான விண்ணப்பம். ஹாலத்துக்குச் சாலைத் தூரம் என்ற கட்டத்தில் நீல மையில் 41. அடியில் டெல்மர் ராஸ்க்கின் கையெழுத்து.

லவோன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். டெல்மர் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெல்ட்டை அளந்துகொண்டிருந்தான்.

‘பாலம் போயி மூணு வருஷமாச்சு டெல்மர். நீ எழுதின நாப்பத்தொண்ணுல ஆம்புலன்ஸ் ஆத்து மேல எப்படிப் போகும்? நீச்சலா?’

அவன் தாளைப் பார்த்தான். பெல்ட்டைச் சுருட்டினான். ‘பழைய ஃபாரத்துல இருந்ததை அப்படியே எடுத்து எழுதினது.’

‘கடைக்குச் சரக்கு ஹாலத்துலேர்ந்துதானே வருது? வாரத்துக்கு ரெண்டு நடை நீயே ஓட்டுறே. உனக்குத் தெரியாத மைலா?’

‘கொஞ்சம் மெதுவாப் பேசு. ஆளுங்க இருக்காங்க.’

‘இருக்கட்டும்.’

டெல்மர் கல்லாவைச் சுற்றி வெளியே வந்தான். குரலைத் தணித்தான். ‘கேளு. டாக்டர் போயிட்டான். நர்சுங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க. அவசரப் பிரிவைக் கட்டிக்கிட்டு அழுதிருந்தா அதோட ஒட்டின முதியோர் விடுதியும் படுத்திருக்கும். பதினெட்டு கிழங்களை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? உங்கம்மா கடைசி வரைக்கும் அங்கதானே இருந்துச்சு? ரெண்டுல ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும்னு ஆச்சு. காப்பாத்தினேன்.’

‘அதை ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கணும். அறுபத்தெட்டு மைலுடா, மூடுறதைத் தவிர வழியில்லடான்னு. சண்டை போட்டிருப்போம். திட்டியிருப்போம். அப்புறம் ஏதாவது பண்ணியிருப்போம். நீ மேலிடத்து மேல பழியைப் போட்டுட்டு எங்களைத் தூங்க வச்சுட்டே. என் புருஷன் உன்னை நம்பிக்கிட்டே செத்தான்.’

‘நான் வேணும்னு செஞ்சேனா? ஆர்லி எனக்கு யாரு?’

‘அதான் கேக்கறேன். யாரு?’

அவன் கடை வாசலைப் பார்த்தான்.

‘வழக்கு போட மாட்டேன். எனக்கு வேண்டியது ஒண்ணுதான். செவ்வாக்கிழமை ஊர்ச்சபையில எந்திரிச்சு நின்னு, அறுபத்தெட்டுன்னு ஒரே ஒரு தடவை சொல்லு. நான் பொய் எழுதினேன், தூரம் அறுபத்தெட்டுன்னு.’

‘வக்கீல் வாயைத் திறக்கக்கூடாதுன்னிருக்கார்’ என்றான் டெல்மர்.

‘வக்கீலையும் கேட்டாச்சா?’ என்றாள் லவோன். ‘சாவுச் சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?’

வீட்டுக்குத் திரும்பினாள். ஆர்லியை அழுத்திய பட்டியின் சட்டங்களைக் கடப்பாரை போட்டு ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். நல்ல தேவதாரு மரம். ஆர்லியே அறுத்து அடித்தது. அதை முழ நீளத்துக்கு அறுத்தால் அறுபத்தெட்டுப் பலகை தேறியது. களஞ்சியத்தில் நீளமான மேசை போட்டு வெள்ளை அடித்தாள். கறுப்பில் எண் எழுதினாள். ஆஸ்பத்திரி வாசல் பூஜ்யம். அங்கிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. சிலவற்றில் எண்ணுக்குக் கீழே ஒரு வரி. புருஷன் வண்டிக்குள் பேசியது என்று கேட்டவர்களிடம் சொன்னாள்.

சாலையோரம் அரசாங்க இடம். அங்கே எதை நட்டாலும் பிடுங்கிவிடுவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அவரவர் பண்ணை. அறுபத்தெட்டு மைலுக்கும் சேர்த்துப் பதினோரு பண்ணைக்காரர்கள். லவோன் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக் கேட்டாள். எட்டுப் பேர் மறுபேச்சில்லாமல் சரி என்றார்கள். இரண்டு பேர் பெண்டாட்டிகளிடம் திட்டு வாங்கிய பிறகு சரி என்றார்கள். மிச்சம் வாலஸ் பெக். பத்தொன்பது மைல் வேலி அவனுடையது. கல்யாணம் செய்துகொள்ளாத எழுபது வயசுக் கட்டை. டெல்மர் கடையில்தான் எல்லாம் வாங்குகிறவன்.

‘என் மாடுங்க படிக்கக் கத்துக்கிச்சுன்னா என்ன பண்றது?’ என்றான் வாலஸ், சட்டியில் பன்றிக்கொழுப்பு உருகுவதைப் பார்த்தபடி.

‘உன்னைவிட நல்லாப் படிக்கும்.’

‘டெல்மர் எனக்கு உதிரிப்பாகம் தரமாட்டான்.’

‘தருவான். வித்தாகணும்ல.’

வாலஸ் முட்டையை உடைத்து ஊற்றினான். ‘லவோன், ஒண்ணு கேக்கறேன். இதனால ஆர்லி வரப்போறானா?’

‘இல்ல.’

‘டெல்மர் சாகப்போறானா?’

‘வேணாம். உயிரோட இருக்கணும். வாரத்துக்கு மூணு நாள் இந்த ரோட்டுல போகணும்.’

வாலஸ் அவளைத் திரும்பிப் பார்த்தான். டெல்மரின் பெண்டாட்டி ஓபலுக்கு இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி ஹாலத்தில் டயாலிசிஸ். டெல்மர்தான் கொண்டுபோய்க் கொண்டுவருகிறான். அது இருவருக்கும் தெரியும்.

‘கெட்ட பொம்பளடி நீ’ என்றான் வாலஸ். ‘சோக்செர்ரி ஜாம் ரெண்டு பாட்டில் கொடு. நட்டுக்க. நடும்போது நான் வந்து குழி தோண்டுறேன். உனக்குத் தோண்டத் தெரியாது.’

ஜூன் மாதம் முழுக்க நட்டார்கள். காற்று ஓயவில்லை. அந்த நிலத்துக் களிமண், ஈரமானால் பூட்ஸோடு காலைப் பிடுங்கும், காய்ந்தால் கடப்பாரையையே திருப்பி அடிக்கும். லவோனின் உள்ளங்கை கிழிந்து, ஆறி, திரும்பக் கிழிந்தது. மத்தியானம் பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து குளிர்ந்த இறைச்சி ரொட்டி தின்றார்கள். வாலஸ் ஒவ்வொரு பலகையையும் நடுவதற்கு முன் உரக்கப் படித்துப் பார்த்தான்.

‘2. கன்னு எந்திரிச்சிடுச்சா?’

‘5. குளிருது.’

‘9. பட், மெதுவாப் போடா, மான் குறுக்க வரும்.’

அதற்கப்புறமும் இருந்தது. ‘22. டெல்மர் சொன்ன ஊரு இன்னுமா வரல?’ ‘30. தாகமா இருக்கு லவோன்.’ ‘47. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ.’ இப்படிப் பத்தொன்பது. நாற்பத்தொன்றாவது பலகையை மட்டும் ஆர்லியின் பேச்சாக எழுதவில்லை. வாலஸின் மேய்ச்சலுக்கு நடுவே, புல்லும் வானமும் தவிர ஒன்றுமில்லாத இடத்தில் அது நின்றது: ‘41. டெல்மர் ராஸ்க் எழுதிக் கொடுத்தபடி நீங்கள் இப்போது ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறீர்கள்.’

அதைப் படித்துவிட்டு வாலஸ் வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். பிறகு தொப்பியைக் கழற்றி வெறுமனே நின்றான்.

ஊர் பற்றிக்கொண்டது. கோதுமை லாரிக்காரர்கள் நாற்பத்தொன்றில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கடையில் கூட்டம் குறைந்தது. டெல்மர் வந்தால் காப்பிக்கடையில் யாராவது ‘எத்தனை மைல் ஓட்டி வந்தே டெல்மர்?’ என்பார்கள். அவன் ஷெரிபிடம் புகார் கொடுத்தான். ஷெரிப் போய் டேப் வைத்து அளந்துவிட்டு, ‘வேலிக்கு உள்ளே ரெண்டு அடி. நான் ஒண்ணும் பண்ண முடியாது. நீ பண்ணலாம், சபையில எந்திரிச்சு நின்னு’ என்றான்.

டெல்மர் அந்த ஒன்றை மட்டும் பண்ணவில்லை. ஜூலை நடுவிலிருந்து வழியை மாற்றினான். வடக்கே குன்றுகளுக்குள் போகும் சரளைச் சாலை. எண்பத்தேழு மைல். அதில் பலகை கிடையாது.

பட் இதை வந்து சொன்னபோது லவோன் புல் உருளைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். டிராக்டரை நிறுத்தினாள். கணவன் போனபிறகு முதல்முறையாகப் பசித்தது. உள்ளே போய் இரண்டு பெரிய கிண்ணம் மாவுருண்டை போட்ட கோழிச் சாறு குடித்தாள். பட்டுக்கும் ஊற்றினாள்.

‘போகப் பத்தொன்பது மைல், வரப் பத்தொன்பது மைல் கூட’ என்றாள். ‘வாரத்துக்கு மூணு தடவை. ஓட்டட்டும். பேதியாகிற வரைக்கும் ஓட்டட்டும்.’

பட் கிண்ணத்தையே பார்த்தான். அவனும் அந்த ஆம்புலன்ஸில் இருந்தவன். பலகைகளை எல்லாம் படித்தவன். என்னவோ சொல்ல வாயெடுத்தான். ‘உப்பு கொஞ்சம் கம்மி’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓபல் போன் செய்தாள். லவோனும் ஓபலும் ஒரே வகுப்பு. ஏப்ரலுக்கு அப்புறம் பேச்சில்லை.

‘நாளைக்கு என்னை ஹாலம் கூட்டிட்டுப் போறியாடி?’ என்றாள்.

‘ஏன், உன் புருஷன் எங்க போனான்?’

‘வெள்ளிக்கிழமை மழை. அந்தக் குன்று ரோட்டுல வண்டி களிமண்ணுல மாட்டிக்கிச்சு. மெஷின்லேர்ந்து இறங்கின உடம்பு. நாலு மணி நேரம் உள்ளேயே கெடந்தேன். வாந்தி. அவன் மண்வெட்டியை வச்சு நோண்டிக்கிட்டே அழுவறான். பலகை ரோட்டுல போலாம்டான்னா மாட்டேங்கறான். உன் பலகையை நான் பார்க்கக் கூடாதாம்.’ மூச்சு வாங்கினாள். ‘நான் பார்க்கணும்.’

லவோன் ரிசீவரைப் பிடித்தபடி நின்றாள். எண்பத்தேழு மைல் என்று கேட்டதும் இரண்டு கிண்ணம் சாறு குடித்தது நினைவுக்கு வந்தது. அந்த வண்டியில் இரண்டாவது ஆள் ஒருத்தி இருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் குடித்தாள். ஆனாலும் மறுநொடி வேறொன்று தோன்றியது. அவன் பெண்டாட்டியை அவன் பக்கத்து சீட்டிலிருந்து இறக்கி என் பக்கத்தில் ஏற்றிக்கொள்கிறேன்.

‘ஆறரைக்கு வாசல்ல நில்லு’ என்றாள்.

டெல்மர் வாசலில் நின்றான். கையில் போர்வையும் தலையணையும். லவோன் அவனைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். ஓபல் ஏறினாள். குண்டாக, சிரிப்பும் சத்தமுமாக இருந்தவள். முகம் உப்பிக் கைகால் குச்சியாகிவிட்டிருந்தாள். இடது கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறாகத் திரண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வாசல் தாண்டியதும் ஓபல் படிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொன்னாள். இரண்டில் ‘கன்னு எந்திரிச்சிடுச்சா’ என்பதைப் படித்துவிட்டு, ‘ஐயோ ஆர்லி’ என்று சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். ஐந்து. ஒன்பது. இருபத்திரண்டைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. முப்பதிலும் சொல்லவில்லை. வெட்டின கோதுமைத் தாள்கள் இருபுறமும் மஞ்சளாக ஓடின. நாற்பத்தொன்றில், ‘இது நல்லா இருக்குடி. அவனுக்கு நல்லா வேணும்’ என்றாள். நாற்பத்தேழு வந்தது. படித்தாள். கொஞ்சதூரம் போனபிறகு மெல்லத் திரும்பினாள்.

‘லவோன். ஆர்லி இவ்வளவு பேசுற ஆளில்லையே.’

லவோன் வேகத்தைக் கூட்டினாள்.

‘என் கல்யாணத்துல அவன்தானே டெல்மருக்கு மாப்பிள்ளைத் தோழன். எந்திரிச்சு நாலு வார்த்தை பேசுடான்னா, சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு உக்காந்துட்டான். அவனா, டெல்மர் சொன்ன ஊரு இன்னுமா வரலன்னு கேட்டான்? சாகும்போது?’

‘பேசாம வா ஓபல்.’

‘நாப்பது வருஷமாப் பார்க்கறேன் அவனை…’

‘பேசாம வான்னேன்ல!’

ஒரு மைல் போனது. இன்னொன்று. பலகைகள் வந்து வந்து போயின. பிறகு லவோன் வண்டியை ஓரங்கட்டினாள். ஒரு சிறு மதகு. கோரை முளைத்த தண்ணீர்க்குட்டை. கறுப்புப் பறவைகள் கோரை நுனியில் ஆடிக்கொண்டிருந்தன. வேலிக்குள் பலகையில் வெறும் எண்: 53.

‘ஒன்பது வரைக்கும்தான்’ என்றாள் லவோன். ‘மான் வரும்னு பட்டுகிட்ட சொன்னான். அதோட பேச்சு நின்னுபோச்சு. கண்ணைத் திறக்கல. நான் கூப்பிட்டேன், உலுக்கினேன், திட்டினேன். ஒரு வார்த்தை இல்ல. இந்த மதகு ஏறி இறங்கும்போது வண்டி குலுங்கிச்சு. அந்தக் குலுக்கல்ல கை கனத்துப்போச்சு. எனக்குத் தெரிஞ்சுடுச்சு. பட்கிட்ட சொல்லல. சொன்னா மெதுவா ஓட்டுவான்ல. மிச்சம் பதினஞ்சு மைலும் அவன் விரட்டிக்கிட்டே போனான், நான் கையைப் பிடிச்சுக்கிட்டே போனேன்.’

ஓபல் அந்தக் குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘அப்ப மத்ததெல்லாம்?’

‘நான் எழுதினது. என்கிட்ட அவன் ஒண்ணுமே சொல்லிட்டுப் போகலடி. கன்னு, குளிரு, மானு. நாப்பது வருஷம் கூட இருந்தவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது. டெல்மர் மேல ஒரு திட்டு கிடையாது. சாகும்போதுகூட அவனைத் திட்டாமப் போயிட்டான். அந்த ஆத்திரம் எனக்கு.’

‘நீ எழுதினதும் பொய், அவன் எழுதினதும் பொய்.’

‘ரெண்டும் ஒண்ணா?’ லவோன் திரும்பினாள். அவள் முகம் கோணியது. ‘என் பொய்யால எவன் செத்தான்?’

‘யாரும் சாகல. வெள்ளிக்கிழமை நான்தான் கொஞ்சம் செத்தேன்’ என்றாள் ஓபல்.

ஓபல் தலையணையை மடியில் வைத்து அமுக்கினாள்.

‘நான் அவனுக்கு வக்காலத்து வாங்க வரல. அந்த ஃபாரத்தை எங்க சாப்பாட்டு மேசையில வச்சுத்தான் எழுதினான். பாலம்தான் போச்சேடான்னேன். உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னான். நானும் பேசாம பட்டாணி உரிச்சுக்கிட்டிருந்தேன். அதுக்கு நானும் பதில் சொல்லணும். ஆனா ஒண்ணு. இந்தப் பொய்யை எவனாவது கண்டுபிடிச்சான்னா, டெல்மர் தப்பிச்சான். லவோன் கதை கட்டுறா, அப்ப மைலும் கதைதான்னு சொல்லிடுவான். அவன் தப்பிக்கக் கூடாதுடி. வெள்ளை பெயிண்ட் மிச்சம் இருக்கா?’

அடுத்த இரண்டு வாரம் லவோன் அந்தச் சாலையில் பெயிண்ட் டப்பாவோடு அலைந்தாள். இரண்டையும் ஐந்தையும் ஒன்பதையும் விட்டாள். நாற்பத்தொன்றை ஓபல் விடச்சொன்னாள், அது நிஜம் என்று. மற்ற எல்லா வரிகளையும் வெள்ளை அடித்து மூடினாள். எண் மட்டும் நின்றது. மூடுகிறபோது ஒவ்வொரு வரியாக ஆர்லி இன்னொருமுறை வாயை மூடிக்கொள்வதுபோல் இருந்தது. நாற்பத்தேழுக்கு முன்னால் வெகுநேரம் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வாக்கியத்தை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடித்தாள்.

வரிகள் போனபிறகுதான் சாலை பயமுறுத்தத் தொடங்கியது. பட்டே சொன்னான். ‘முன்னெல்லாம் கதை படிக்கற மாதிரி போவோம். இப்ப மான் வரும்னு சொன்னவன் அதுக்கப்புறம் பேசவே இல்லையேன்னு, பத்து, பதினொண்ணு, பன்னெண்டுன்னு காதைத் தீட்டிக்கிட்டே போறோம். ஐம்பத்தொன்பது மைல் அப்படிப் போக முடியல லவோன். ரேடியோவைப் போட்டுடறேன்.’

திங்களும் புதனும் வெள்ளியும் லவோன்தான் ஓபலை அழைத்துப் போனாள். அக்டோபரில் கன்று பிரிப்பு வந்தது. தாயிடமிருந்து கன்றுகளைப் பிரித்து வேலிக்கு இந்தப் பக்கம் அடைத்தால், மூன்று நாள் இரவும் பகலும் இரண்டு பக்கமும் கத்தும். மனுஷர் பேசினால் காதில் விழாது. அந்த வாரம் தன்னால் வரமுடியாது என்று ஓபலிடம் சொல்லியிருந்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் டெல்மர் வந்தான். வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, சேற்றில் நடந்து, பட்டி இருந்த இடத்தில் நின்றான். அங்கே குழிகள் மட்டும் இருந்தன. இளைத்திருந்தான். லவோன் கன்றுகளுக்கு உலர்புல்லைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

‘நேத்து நானே கூட்டிட்டுப் போனேன்’ என்று கத்தினான் டெல்மர். ‘உன் ரோட்டுல. அவ வேற ரோட்டுல ஏறமாட்டேன்னுட்டா.’

‘அதுக்கு?’

‘ஒன்பதுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்ல.’

‘ஒண்ணும் இல்லதான்.’

‘எங்க லவோன்?’

அவள் புல் அள்ளும் கவைக்கோலைத் தரையில் ஊன்றினாள்.

‘எங்க போச்சு அவன் உயிரு? எந்த இடம்? ஓபலுக்குத் தெரியுமாம். சொல்லமாட்டேங்கறா. ராத்திரியெல்லாம் கேக்கறேன், செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறா. பட்டைக் கேட்டேன், எனக்குத் தெரியாதுங்கறான். நாப்பதுக்குள்ளயா? அதை மட்டும் சொல்லு. நாப்பதுக்கு முன்னாடியே போயிருந்தான்னா…’ காலடியில் இருந்த குழியைப் பார்த்தான். ‘பாலம் இருந்திருந்தாலும் பொழச்சிருக்கமாட்டான்ல?’

லவோனுக்குப் புரிந்தது. அவன் வந்தது அழுவதற்கில்லை. ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறான். அது சின்ன எண்ணாக இருந்தால் அதன் மேல் தலைவைத்துத் தூங்கலாம். பெரிய எண்ணாக இருந்தால்கூட ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, ஒரு பாட்டம் அழுது முடித்துவிடலாம்.

‘ஹாலத்துக்கு எத்தனை மைல் டெல்மர்?’

பசுக்கள் கத்தின. கன்றுகள் பதிலுக்குக் கத்தின.

‘அறுபத்தெட்டு’ என்றான்.

‘கேக்கல.’

‘அறுபத்தெட்டு! போதுமா? அறுபத்தெட்டு மைல், தெரிஞ்சேதான் எழுதினேன்!’

‘செவ்வாக்கிழமை சபையில சொல்லு.’

‘சொல்றேன். சொன்னா நீ சொல்லுவியா?’

‘மாட்டேன்’ என்றாள் லவோன். ‘நீ சொல்லவேண்டியது ஊருக்கு. எனக்கில்ல. நான் வச்சிருக்கிறது என் புருஷன் கடைசி மூச்சு. அதை உன் கையில தரமாட்டேன்.’

‘நான் என்ன பண்ணட்டும்?’

‘பத்துலேர்ந்து அறுபத்தெட்டு வரைக்கும் இருக்கு. இதுதானோ, இதுதானோன்னு பார்த்துக்கிட்டே ஓட்டு.’

டெல்மர் வந்த வழியே சேற்றில் நடந்துபோனான்.

செவ்வாய்க்கிழமை சபையில் அவன் எழுந்து நின்று சொன்னான். முப்பத்தேழு பேர் இருந்தார்கள். பதவி விலகலை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினான். லவோன் பின்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டாள். நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. ஆனால் அவன் வாயால் அந்த எண் வந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் இருமுறை அதைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் ஓபல் ஹாலத்திலிருந்து போன் செய்தாள். இப்போதெல்லாம் டெல்மரே அவளை அழைத்துப் போகிறான். பின்னால் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது.

‘இன்னிக்கு ரெண்டேகால் மணி நேரம் ஆச்சுடி வந்து சேர. ஒவ்வொரு பலகைகிட்டயும் மாட்டுவண்டி மாதிரி ஓட்டறான். பலகையைப் பார்க்கறான், என் மூஞ்சியைப் பார்க்கறான். நான் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன்.’

‘ஐம்பத்திமூணுகிட்ட?’

‘அதைக் கேளேன்.’ ஓபலின் குரல் நடுங்கியது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை. ‘பின்னால ஒரு மாட்டு லாரி வந்து ஹாரன் அடிச்சுச்சு. அந்த ஒரு இடத்துல மட்டும், திரும்பிக்கூடப் பார்க்காம விரட்டிக்கிட்டுப் போயிட்டான்.’

லவோன் ஜன்னல் வழியே பார்த்தாள். கன்றுகள் கத்தி ஓய்ந்து, ஒன்றையொன்று உரசிக்கொண்டு புல் தின்றன.

‘இருக்கட்டும்’ என்றாள். ‘வெள்ளிக்கிழமை மறுபடியும் வருவான்ல.’